மலைக்குத் தெளிக்கக் கொண்டுபோன தண்ணீர்

லண்டன் ஈஸ்ட் ஹாமில், நகைக்கடைகள் வரிசையாக இருக்கிற அந்தத் தெருவில், பஸ்ஸைத் தரிப்பிடத்தில் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, இனி என்னால் ஓட்ட ஏலாது என்று சனத்துக்குச் சொன்ன டிரைவர் நான்தான். போன வருடத்துக்கு முந்தின மாரிகாலம். நெஞ்சின் மேல் யாரோ ஏறிக் குந்தியிருக்கிற மாதிரி ஒரு பாரம். இடது கை விறைத்துவிட்டது. பக்கத்துச் சீலைக்கடையில் இருந்து ஒரு பெண்பிள்ளை கதிரை கொண்டுவந்து தந்தது நினைவிருக்கிறது. பிறகு அம்புலன்ஸ். அன்றைக்கே இருதயத்துக்குப் போகிற குழாயில் சின்னக் கம்பிவலை ஒன்றை வைத்து என்னைப் பிழைக்க வைத்தார்கள். அதற்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நான் இன்றைக்குச் சாட்சி சொல்ல எழும்பினது அதற்காக இல்லை. அதற்குப் பிறகு வந்ததுக்காக.

என் பெயர் பெனடிக்ற். ஊர் மன்னார் பேசாலை. இருப்பது செவன் கிங்ஸ். ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். கோயிலின் பின்வரிசை வாங்கில் நின்று சத்தமாகப் பாடி, பாடகர் குழுவின் சுருதியைக் கெடுக்கிறவன். வாய் கொஞ்சம் கூட. பிடிவாதம் அதைவிடக் கூட. என் மனைவி ஜெசிந்தாவைக் கேட்டால் இன்னும் இரண்டு மூன்று சேர்த்துச் சொல்லுவாள்.

இருதயம் சுகமாகிவிட்டது. பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு, உன்னுடைய இருதயம் என்னுடையதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று டொக்டர் பகிடி விட்டார். பஸ் ஓட்டலாம் என்று எழுதியும் தந்துவிட்டார். ஆனால் எனக்குள் வேறொன்று உடைந்துபோய்க் கிடந்தது. என்னால் தனிய இருக்க முடியவில்லை. ஒரு நிமிடம்கூட. ஜெசிந்தா குப்பை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவதற்குள் நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். கை வேர்க்கும். இதோ விழப் போகிறேன், ஒருவரும் இல்லாமல் சாகப் போகிறேன் என்ற நினைப்பு வந்து கழுத்தைப் பிடிக்கும். குளிக்கும்போது கதவைப் பூட்டமாட்டேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போகும் நேரங்களில் நூல்நிலையத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். வாசிக்க இல்லை. சுற்றிவரச் சனம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐம்பத்துமூன்று வயது ஆம்பிளை.

பஸ்ஸுக்குள் எத்தனை பேர் இருந்தாலும் டிரைவர் தனியாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறவனுக்கு ஒருவரும் இல்லை. டிப்போவுக்கு இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் அந்தக் கதவைச் சாத்த முடியாமல் திரும்பி வந்தேன். டிப்போவில் நல்ல மனுசர்தான், பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியில், கோடை முடிவதற்குள் வா, இல்லாவிட்டால் இந்த வேலையை விட்டுவிடுவதைப் பற்றிப் பேசுவோம் என்றார்கள். இருபது வருடமாகச் செய்கிற வேலை. அதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

செபிக்காமல் இருந்தோமா? செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு நவநாள் வைத்தோம். பங்குப் பயணத்தோடு லூர்துக்குப் போனோம். எல்லாரையும் போல மாதா சுருவம் மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் போத்தில்களில், நீல முடியைத் திருகித் திறக்கிறதுகளில், தீர்த்தம் நிரப்பிக்கொண்டு வந்து அலுமாரியில் அடுக்கினோம். பயம் மட்டும் போகவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, அன்றைக்கு அந்த பஸ்ஸிலேயே செத்திருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டேன். ஜெசிந்தா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பிடிச் சொன்ன வாயாலை இனிச் செபம் சொல்லாதேங்கோ," என்றாள். அவளுடைய முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக என்னையும் வேலையையும் இழுத்து இழுத்து ஆள் பாதியாகிவிட்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் மாதாவுக்கு நேர்த்திக்கடன் வைத்தேன்.

வேறு ஆட்களாக இருந்தால் வால்சிங்கம் மாதா கோயிலுக்கு நடந்து வருகிறேன் என்று நேர்ந்திருப்பார்கள். நானும் அதை யோசித்தேன். ஆனால் வால்சிங்கத்துத் திருவிழாவில் நிற்கிற தமிழ்ச் சனத்துக்குள் எனக்கு என்ன பயம் வரப்போகிறது? என் வருத்தமே தனிமைதான். ஆகவே மாதாவிடம் இப்படிச் சொன்னேன்: தாயே, நான் தனிய ஒரு மலையில் ஏறி இறங்குவேன். உம்முடைய மகனும் தனிய மலைக்குப் போய்த்தானே செபித்தார். இறங்கி முடிகிற வரைக்கும் ஒருசந்தி விரதம். பச்சைத் தண்ணி பல்லில் படாது. நீர் இந்தப் பயத்தை என்னிடமிருந்து எடுத்துவிடும்.

எங்கள் பக்கத்தில் மடு மாதா கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் ஒருசந்தி இருப்பது உங்களுக்குத் தெரியும். வெறுங்காலோடு போகிறவர்களும் உண்டு. நேர்த்தி என்று வாயால் சொல்லிவிட்டால் பிறகு அதில் கடையில் கேட்கிற மாதிரிக் கழிவு கேட்க முடியாது. அப்படித்தான் நான் வளர்ந்தேன். ஆனால் மடுவுக்குப் போகிற வழியில் மரம் இருக்கிறது, கூட நூறு பேர் இருக்கிறார்கள், மயங்கி விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறது. அதை நான் யோசிக்கவில்லை.

மலை ஏறலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். மெல்ல மெல்லப் பழகி ஏறு, நல்லது என்றார். தண்ணீர் குடிக்காமல் ஏறப் போகிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை. ஜெசிந்தாவிடம் சொன்னேன். வீட்டில் சண்டை.

"சாப்பிடாமல் போங்கோ, நான் மறிக்கேல்லை. நெஞ்சு வருத்தத்துக்குக் குளிசையைப் போட்டுட்டு, வெய்யிலுக்குள்ளை, தண்ணி இல்லாமல் மலை ஏறினால் மாதா வந்து தூக்குவாவோ?"

"நேர்த்தி நேர்த்திதான்," என்றேன்.

இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், சரி, போவோம், நான் கார் ஓட்டுகிறேன் என்றாள். அவ்வளவு லேசாக அவள் என்னிடம் தோற்றதே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வைகாசி, ஆனி முழுக்கப் பழகினேன். வலன்ரைன்ஸ் பார்க்கில் ஜெசிந்தா ஒரு வாங்கில் இருப்பாள், நான் நடப்பேன். முதலில் அவள் கண்ணுக்குத் தெரிகிற தூரம். பிறகு ஒரு மரத்துக்குப் பின்னால். பிறகு குளத்துக்கு அந்தப் பக்கம். நெஞ்சு அடிக்கும். அடிக்கட்டும் என்று நடப்பேன். சில நாள் பாதியில் ஓடி வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்து மூச்சு வாங்குவேன். அடுத்த நாள் திரும்பவும் போவேன். பிடிவாதம் ஒரு நல்லதுக்கு உதவினது அந்த இரண்டு மாதமும்தான்.

மடுத் திருவிழாவுக்குக் கிட்ட, சனி ஞாயிறு இல்லாத ஒரு நாள். விடியமுதலே வெளிக்கிட்டு வேல்ஸுக்குப் போனோம். மலையின் பெயரைப் பலகையில் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டது. ஆகவே மலை என்றே சொல்கிறேன். பெரிய மலைதான். ஆனால் கயிறு கட்டி ஏறுகிற மலை இல்லை. ஆடு மேய்கிற புல் மலை, கல் பாவின ஒற்றையடிப் பாதை. பாதி நாளில் ஏறி இறங்கலாம் என்றார்கள். அன்றைக்கு இந்த நாட்டில் அடிக்காத வெய்யில்.

கார் நிறுத்துமிடத்தில் என் முதுகுப் பையைத் திறந்து பார்த்தேன். நினைத்த மாதிரியே உள்ளே இரண்டு தண்ணீர்ப் போத்தில் வைத்திருந்தாள். இரண்டையும் எடுத்துக் கார் சீற்றில் வைத்தேன். சோதனைக்கு இடம் கொடுக்கக் கூடாது. அவள் காரின் பின்பக்கம் போய், துவாயில் சுற்றின ஒரு பெரிய சோடாப் போத்திலை எடுத்து வந்தாள். வெளி ஒட்டுக் கடதாசியை உரித்திருந்தாள். கழுத்து வரைக்கும் தண்ணீர்.

"இதென்ன?"

"லூர்துத் தீர்த்தம். உச்சியிலை தெளிச்சுப்போட்டு வாங்கோ."

"தெளிக்கிறதுக்கு இவ்வளவோ?"

"மலை பெரிசெல்லோ," என்றாள்.

பையில் வைத்தேன். இரண்டு லீற்றர் பாரம். மலைப் பாதை வாசலில் இருந்த படலையடிக்கு வந்து என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, தீர்த்தம் குடித்தால் ஒருசந்தி முறியாது, அதையும் ஞாபகம் வைத்திருங்கள் என்றாள். எனக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

முதல் வளைவில் எங்கள் சிவப்புக் கார் மறைந்தது. அந்த இடத்தில் கால் நின்றுவிட்டது. இப்போது திரும்பினால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள் என்று மனம் சொன்னது. செபமாலையை எடுத்தேன். ஒரு மணிக்கு ஒரு அருள்நிறை மரியே, ஒரு அருள்நிறை மரியேக்குள் எத்தனை அடி வைக்க முடியுமோ அத்தனை அடி. அதற்கு மேல் யோசிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அப்படியே ஏறினேன். காலையில் ஏறினவர்கள் சிலர் இறங்கி வந்தார்கள், குட் மோர்னிங் சொன்னார்கள், போனார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. நானும் ஆடுகளும்.

பாதிக்கு மேல் போயிருப்பேன். மரம் ஒன்றும் இல்லை. வெய்யில் உச்சந்தலையில் விழுந்தது. வாய் காய்ந்து செபம் சத்தமாக வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு கல்லில் ஏறிக் காலை வைத்தபோது மலை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தது. பிடிக்க ஒன்றும் இல்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள். நெஞ்சு உடுக்கு மாதிரி அடித்தது. வந்துவிட்டது என்று நினைத்தேன். எதற்கு ஒன்றரை வருடமாகப் பயந்தேனோ, அது வந்துவிட்டது. தனிய, ஒரு மலையில்.

போனை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கூப்பிட்டேன், முதலில் தமிழில், பிறகு இங்கிலிசில். ஒரு ஆடு தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேயத் தொடங்கியது. அழுதேன். சொல்ல வெட்கமில்லை. மாதாவே, ஆரையாவது அனுப்பும், ஆராயிருந்தாலும் பரவாயில்லை, ஒரு மனுசரை அனுப்பும் என்று கெஞ்சினேன். பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலேயும் வரவில்லை, கீழேயும் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மனுசரும் வரவில்லை.

அப்போது எனக்கு மாதாவோடும் கோபம் வந்தது. உமக்காகத்தானே இவ்வளவு தூரம் காய்ந்து வந்தேன், உம்முடைய தண்ணீரையும் அல்லவா சுமந்து வந்தேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்தத் தண்ணீர் என் முதுகில் இருப்பது எனக்கு உறைத்தது.

தீர்த்தம் குடித்தால் ஒருசந்தி முறியாது.

பையைக் கழற்றினேன். மூடி திருகுப்படவில்லை, பல்லால் கடித்துத் திறந்தேன். சிலுவை அடையாளம் போட்டேன். ஒரு மிடறு. கோயிலில் வாங்குகிற மாதிரிப் பக்தியாகத்தான் அந்த முதல் மிடறு. இரண்டாவதும் பக்திதான். அதற்குப் பிறகு பக்தி கொஞ்சம் குறைந்துவிட்டது. குடித்துக்கொண்டே இருந்தேன். முகத்தில் ஊற்றினேன். பிடரியில் ஊற்றினேன். துவாயை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு கல்லோடு சாய்ந்தேன். கறுப்புப் புள்ளிகள் மெல்லப் போயின. நெஞ்சடிப்பு இறங்கியது. இது இருதயம் இல்லை, தாகம் என்று ஒரு கழுதைக்குக்கூட விளங்கியிருக்கும். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அங்கே இருந்தபடி ஒன்று யோசித்தேன். நான் பயந்தது எல்லாம் நடந்துவிட்டது. தனிய இருந்தேன், தலை சுற்றியது, விழுந்தேன், போன் வேலை செய்யவில்லை, கூப்பிட்டதற்கு ஒருவரும் வரவில்லை. எல்லாம் நடந்தது. நான் இருக்கிறேன். இனி இந்தப் பயத்திடம் எனக்குக் காட்டுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? திரும்பலாம் என்று மனம் இன்னொரு தரம் சொன்னது. கால் சரியாகும் வரை நன்றாக இளைப்பாறினேன். எழும்பி நடந்து பார்த்தேன். தலை சுற்றவில்லை. வாயும் மூச்சும் ஒழுங்காக இருந்தன. மேலே பார்த்து நடந்தேன். இடைக்கிடை ஒரு மிடறு.

உச்சியில் கல்லுக் குவியல் ஒன்று. காற்று. நாலு பக்கமும் பச்சை மலை. நான் பிறந்த மண்ணில் பனை ஏறினால்தான் உயரம். இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். போத்திலில் மிஞ்சினது உள்ளங்கை கொள்ளுகிற ஒரு சிரங்கை இருக்கும், அதைக் கல்லின் மேல் தெளித்தேன். மற்றப் பக்கத்துப் பாதையால் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஏறி வந்தார்கள். தனியவா வந்தாய் என்று கேட்டார்கள். ஓம் என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

மேலே போன் வேலை செய்தது. "வந்திட்டன், ஜெசி," என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இறங்கி வரும்போது முழங்கால் நொந்தது, ஆனால் மனதில் ஒரு பாரமும் இல்லை. ஜெசிந்தா படலையடியில் நின்றாள். என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்துவிட்டு, பையைத் திறந்து போத்திலைத்தான் முதலில் எடுத்தாள். வெறும் போத்தில். எவ்வளவு தெளித்தீர்கள் என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன்: தெளித்தது ஒரு சிரங்கை, மிச்சம் முழுக்கக் குடித்துவிட்டேன், தீர்த்தம்தானே, நேர்த்தி முறியாது என்று. ஜெசிந்தா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"அது லூர்துத் தண்ணியில்லை," என்றாள். "மாதாப் போத்திலுகளின்ரை அடியிலை கிடந்ததை வழிச்சு விட்டனான். மிச்சமெல்லாம் எங்கடை குசினிக் குழாய்த் தண்ணி."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "என்ரை நேர்த்தியை முறிச்சுப்போட்டீரெல்லோ," என்று கத்தினேன். கார் நிறுத்துமிடத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அசையவில்லை. "உங்கடை நேர்த்தி உங்களோடை. நானும் ஒரு நேர்த்தி வைச்சனான்," என்றாள்.

"என்ன நேர்த்தி?"

"உங்களை உயிரோடை வீட்டை கூட்டிக்கொண்டு போறதெண்டு."

நான் காருக்குள் ஏறி இருந்தேன். அந்தக் கல்லடியில் நான் என்ன கேட்டேன் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு மனுசரை அனுப்பும் என்று கேட்டேன். ஒருவரும் வரவில்லை என்று மாதாவோடு சண்டையும் பிடித்தேன். ஆனால் நான் கேட்பதற்கு முதலே, விடியமுதல், எங்கள் வீட்டுச் சமையல் குசினியில் லைற்றைப் போட்டுக்கொண்டு ஒருத்தி குழாயடியில் நின்றிருக்கிறாள். என்னுடைய பிடிவாதத்துக்குள் எந்த வாசலால் தண்ணீரை அனுப்பலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் புத்தியை அவளுக்குக் கொடுத்தது யார்?

பிறகு ஃபாதரிடம் போய் நேர்த்தி செல்லுமா என்று கேட்டேன். தண்ணீர் குடியாமல் வா என்று மாதா உன்னிடம் எப்போது கேட்டார் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

கோடை முடிவதற்கு முன் டிப்போவுக்குப் போனேன். கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். நெஞ்சு அடித்தது. அடிக்கட்டும் என்று பஸ்ஸை எடுத்தேன். இன்றைக்கும் சில நாள் அடிக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துகிற பலம் அதற்கு இப்போது இல்லை. ஜெசிந்தா தன் ஷிப்டுக்குத் தனியப் போகிறாள், நான் என் ஷிப்டுக்குத் தனியப் போகிறேன். ஒவ்வொரு காலையும் நான் எழும்ப முதலே ஒரு போத்தில் தண்ணீர் மேசையில் இருக்கும். அதில் லூர்துத் துளி கிடக்கிறதா என்று நான் கேட்பதில்லை. சிலுவை போட்டுவிட்டுத்தான் குடிக்கிறேன்.

சகோதரங்களே, உங்களில் யாராவது நான் கிடந்த மாதிரிக் கிடக்கலாம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கதவைப் பூட்டாமல் குளித்துக்கொண்டிருக்கலாம். கேளுங்கள். என்னைப் போல மாதாவோடு பேரம் பேசாதீர்கள், அவர் வியாபாரி இல்லை. சும்மா கேளுங்கள். கேட்டுவிட்டு, ஒருவரும் வரவில்லையே என்று பாதையைப் பார்த்து அழுவதற்கு முதல், உங்கள் முதுகில் இருக்கிற பையை ஒருக்கால் கழற்றிப் பாருங்கள்.